பின்வளவில் நின்ற கருவேல்கள்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது மஞ்சள். அது வீட்டுக்கு வெளியே இருக்கவில்லை, உள்ளே இருந்தது. யன்னல் இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அதற்குள், கூடத்தின் நடுவில் ஒரு கருவேல மரம் பூத்து நின்றது. வீட்டுக்குக் கூரை இல்லை. வெயில் இன்னும் சுவருக்கு மேலே ஏறியிருக்கவில்லை. ஆனாலும் உச்சிக்கொப்புகளில் பூக்கள் தெளிவாகத் தெரிந்தன.

அக்கா ஓட்டோவிலிருந்து இறங்கிப் படலை இருந்த இடத்தில் நின்றார். படலையும் இல்லை, வேலியும் இல்லை. ஆனாலும் அவர் அந்த இடத்தால்தான் உள்ளே போனார்.

தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் இது அக்காவின் சீதனக் காணி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரால் தீவுப்பகுதி வெறுமையானபோது விட்டுப்போன வளவு. திரும்பி வரலாம் என்று ஆன காலத்தில் அக்கா யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் ஊன்றியிருந்தார். பிறகு அத்தான் இறந்தார், மகள் கனடாவுக்குப் போனாள். இப்போது அந்த மகள் இங்கே ஒரு வீடு கட்ட வேண்டும் என்கிறாள். மரங்களைப் பிடுங்கி நிலத்தை மட்டப்படுத்த மறுநாள் காலை மெசின் வருவதாக இருந்தது. ஒரு நாள் முந்திப் போய்ப் பார்க்க வேண்டும், நீயும் வா தம்பி என்று அக்கா கேட்டபோது, எல்லைக்கல் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

வேலணையைத் தாண்டிக் கடலுக்கு நடுவால் போகும் பாதையில், ஓட்டோவின் இரைச்சலுக்குள் அவர் சொன்னார்:

"அவன் அந்த வளவிலைதான் கிடக்கிறான். மெசின் அவனைக் கிளறக் கூடாது."

அக்காவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து நாலாம் மாதம் காய்ச்சலில் இறந்தது எனக்குத் தெரியும். நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பாதைகள் மூடியிருந்தன, செய்தி பல வாரம் பிந்தித்தான் வந்தது. குழந்தைகளைப் புதைக்கும் இடம் கடற்கரையோரம் இருந்தது. அங்கேதான் புதைத்திருப்பார்கள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். கடலிலிருந்து ஷெல் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் கடற்கரைக்கு யார் போயிருக்க முடியும் என்று யோசிக்கவில்லை.

அக்கா எதற்குப் பயந்தார் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்கில் நிலத்தைத் தோண்டும்போது மனித எலும்பு வந்தால், போர்க்காலப் புதைகுழியோ என்று வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். பொலிஸ் வரும். நீதவான் வருவார். சட்ட வைத்திய அதிகாரி வருவார். சுற்றிவர நாடா கட்டுவார்கள். எலும்பு பைக்குள் போய், பெட்டிக்குள் போய், இலக்கம் பெற்று, கொழும்புக்கோ வேறெங்கோ போகும். அது யாருடையது, எந்தக் காலத்தது என்று சொல்ல வருடங்கள் எடுக்கும். சில வேளை சொல்லவே மாட்டார்கள். அப்படித் தோண்டிய கிடங்குகளின் விளிம்பில் நின்று நான் செய்தி எழுதியிருக்கிறேன். அந்தச் செய்திகளை அக்கா வாசித்திருக்கிறார்.

வளவுக்குள் நேராக நடக்க முடியவில்லை. முன்பக்கம், பின்பக்கம், கிணற்றடி எல்லாம் கருவேல். இந்த மரத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பத்திரிகையில் விவசாயப் பக்கத்தைச் சில வருடம் பார்த்தபோது சேர்ந்த அறிவு.

தூரத்திலிருந்து ஒரு பூப்போலத் தெரியும் மஞ்சள் உருண்டை உண்மையில் ஒரு பூ அல்ல. கடுகளவு பூக்கள் பல நெருங்கி நிற்கும் கொத்து. மஞ்சளாகத் தெரிவதும் இதழ் அல்ல, மகரந்தம் தாங்கும் கேசரங்கள். இதழ்கள் அவற்றுக்குள் மறைந்து கிடக்கும். இலை இறகுபோலப் பிரிந்து, பிரிந்ததும் மறுபடி பிரிந்திருக்கும். இலைக்காம்பின் அடியில் சோடியாக வெள்ளை முள். இளமரத்தில் முள் நீளம். மரம் முற்ற முற்றக் குறுகிவிடும். தன்னைக் கடித்துத் தின்னக்கூடிய உயரத்தில் இருக்கும்வரைதான் அதற்கு முள் தேவை. பட்டை கறுத்து வெடித்திருக்கும். காய் சாம்பல் நிறம். விதைக்கு விதை இடையில் இறுகி, மணி கோத்த மாலைபோலத் தொங்கும். விதையின் ஓடு கடினமானது. தண்ணீரை உள்ளே விடாது. நெருப்போ ஆட்டின் வயிறோ அதை இளக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் விதை மண்ணுக்குள் வருடக்கணக்காகக் காத்திருக்கும்.

கூடத்துக்குள் எப்படி மரம் வந்தது என்பதற்கும் இதுதான் விடை. சனம் போன பிறகும் வீட்டுக்கு ஓடு இருந்தது. விட்டுப்போன ஆடுகள் பகலில் காயைத் தின்று, இரவில் காய்ந்த சீமெந்துத் தரையில் வந்து படுத்து, அசைபோட்டு விதையைத் துப்பியிருக்கும். மிச்சத்தைப் புழுக்கையோடு விட்டிருக்கும். பிறகு யாரோ கூரை ஓடுகளையும் வளைமரங்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மழையும் வெயிலும் உள்ளே வந்தன. தரை வெடித்தது.

இதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆடெல்லாத்தையும் நான்தான் அவிட்டுவிட்டனான். கட்டோடை விட்டிட்டுப் போறது பாவமெல்லே" என்றார்.

பிறகு தான் என்ன தேடி வந்தார் என்பதைச் சொன்னார். அத்தான் சாவதற்கு முன் ஒருநாள், புதைத்த இடத்துக்கு மேலே வேல முள் வெட்டிப் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். நாய் கிளறாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். அதற்கு மேல் அத்தான் எதுவும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, முள் போட்ட இடத்தில் வேலமரம் முளைத்திருக்கும், அதைப் பார்த்தால் இடம் தெரியும் என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தார். வளவில் ஒரேயொரு வேலமரம் நிற்கும் என்று நினைத்து வந்தவர்.

"முள்ளுக் கொப்பு வேர் விடாது, அக்கா. இது கிளுவையோ பூவரசோ இல்லை."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு வரக்கூடிய பிழை அது. வேலிக்கு ஊன்றுகிற தடியெல்லாம் துளிர்த்து மரமாகிற ஊரில், வெட்டிய கொப்பு செத்துப்போகும் என்று யாருக்கும் முதலில் தோன்றாது.

"கொப்பிலை காய் இருந்திருந்தா?"

"இருந்திருந்தா ஆடு விட்டிருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். காயைத் தின்ன ஆடு அந்த முள்ளுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அந்த மண்ணுக்கு மேல்தான் நின்றிருக்க வேண்டும்.

புதைத்தபோது நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் அத்தான். மற்றவர் கரையோரக் குடியிருப்பில் இருந்த ஒரு கத்தோலிக்க மீனவர். வேறு காலமென்றால் அவர் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு வந்திருக்க மாட்டார். எங்கள் ஆட்களும் வரவிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கிழமை சொந்தக்காரர் எல்லோரும் முன்னமே போய்விட்டார்கள். அக்கா குடும்பத்தை அக்கரைக்கு ஏற்றிவிட வள்ளத்தோடு காத்திருந்தவர் அவர்தான். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஓட்டோக்காரர் சொன்னார். ஆளனுப்பினோம். ஒன்பது மணிபோலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஆர், வாத்தியார்ரை பெட்டையோ?"

"ஓம் அண்ணை, வாத்தியார்ரை மகள்தான்."

"கிழவியாப் போனீர்."

"நீங்கள் மட்டும் குமரனா நிக்கிறியளோ?"

"நான் அண்டைக்கும் கிழவன்தான், பிள்ளை. உமக்குத்தான் தெரியேல்லை."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்ற மரத்தின் பட்டையைக் கையால் தட்டினார். "உதின்ரை பட்டையை அவிச்சுத்தான் அப்பர் வலைக்குச் சாயம் போட்டவர். நைலோன் வந்தாப் பிறகு கொப்பை முறிச்சுப் பல்லு மினுக்கினம். இப்ப பல்லும் இல்லை. உதாலை எனக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை."

எதற்காகக் கூப்பிட்டோம் என்று அக்கா சொன்னதும் சிரிப்பு நின்றது. அவர் பின்வளவுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கொஞ்சத் தூரம் போய் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"கிணறு எங்கை?"

காட்டினேன். இடிந்த கட்டும், அதற்குள் வளர்ந்த பற்றையும்.

"உந்தப் பக்கமோ? நான் மற்றப் பக்கமெண்டெல்லோ நினைச்சன். அந்தப் பெரிய பனை?"

"இல்லை."

"வைக்கல்போர் நிண்ட இடம்?"

அதுவும் தெரியவில்லை. அவருடைய நினைவில் இருந்த ஒவ்வொரு பொருளும் வளவை விட்டுப் போயிருந்தது. நின்றது அன்றைக்கு இல்லாத பொருள் ஒன்றுதான். அது எல்லா இடத்திலும் நின்றது.

"மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை. என்னாலை சொல்ல ஏலாது."

அப்போதுதான் அக்கா அந்த யோசனையைச் சொன்னார். அதை அவர் வழியிலேயே யோசித்து வைத்திருந்திருக்க வேண்டும். ஆண்களான எங்கள் இருவரிடமும் கேட்க வெட்கப்பட்டு, வேறு எல்லா வழியும் தீர்ந்த பிறகு சொன்னார்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் புதைக்கும் இடத்துக்கோ சுடலைக்கோ போவதில்லை. சடலம் படலையைத் தாண்டினால் அவர்கள் வீட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். அன்றைக்குக் குழந்தை படலையைத் தாண்டவே இல்லை. முன்பக்கமாகப் போகாமல் சமைக்கிற குசினி வாசலால் பின்வளவுக்குப் போனது. தெருவில் சனமும் இல்லை, பார்த்துக் குறை சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் அத்தான் "நீ உள்ளை இரு" என்றார். அக்காவும் உள்ளே இருந்தார். இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அறைச் சுவரில் சாய்ந்திருந்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. எழுந்து யன்னலால் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"ஆனா சத்தம் கேட்டது. அலவாங்கு விழுற சத்தம். எந்தப் பக்கத்தாலை வந்ததெண்டு எனக்குத் தெரியும். இப்பவும் தெரியும். நான் அந்த அறையிலை போய் இருக்கிறன். நீங்கள் ஒவ்வொரு இடமாக் குத்துங்கோ."

மீனவர் என்னைப் பார்த்தார். கூரை போன வீடு. பாதி இடிந்த சுவர். அன்றைக்கு வெறும் நிலமாக இருந்த இடத்தில் இன்றைக்குக் காடு. சத்தம் அன்றைக்கு வந்த வழியால் இன்றைக்கு வராது. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டோக்காரர் பக்கத்து வீட்டில் ஓர் அலவாங்கு, நிலம் குத்தும் இரும்புக் கடப்பாரை, வாங்கி வந்து தந்தார்.

அக்கா அறைக்குள் போனார். எந்தச் சுவர் என்று யோசிக்கவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு நேரே போய், தரையில் பூ உதிர்ந்து கிடந்த மூலையில் சாய்ந்து இருந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. குரலை மட்டும் கேட்டோம்.

கிணற்றடியில் தொடங்கினோம். நான் குத்தினேன்.

"இல்லை" என்றது குரல்.

சில அடி தள்ளி.

"இல்லை. அவ்வளவு தூரமில்லை."

தீவுகளில் மண் மெல்லியது. பல இடத்தில் ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கு மண்ணில் இறங்கும்போது அநேகமாகச் சத்தமே வராது. கல்லில் பட்டால் கணீரென்று கேட்கும். அதனால் எங்கள் சத்தம் ஓரிடத்தில் மந்தமாகவும் ஓரிடத்தில் கூர்மையாகவும் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கை களைத்தபோது மீனவர் வாங்கிக் குத்தினார். அந்த வயதிலும் அவருடைய குத்து என்னுடையதைவிட நேராக விழுந்தது. ஒவ்வொரு குத்துக்கும் பிறகு நாங்கள் நிமிர்ந்து அந்தக் கூரையில்லாத சுவர்களைப் பார்த்தோம். சில நேரம் உடனே பதில் வந்தது. சில நேரம் பிந்தி வந்தது. தேனீக்களின் இரைச்சல் தவிர வேறு சத்தம் இருக்கவில்லை.

வீட்டின் தென்மேற்கு மூலைக்கு நேரே, மரங்கள் கட்டையாக நின்ற ஓரிடத்தில் மீனவர் குத்தினார். இரும்பு கல்லில் பட்டு அதிர்ந்தது. அவர் இரண்டாம் முறையும் குத்தினார்.

பதில் வரவில்லை. மூன்றாம் முறை குத்துவதற்கு அவர் கையை உயர்த்தியபோது குரல் வந்தது.

"அதுதான். அண்ணை, அதுதான். நிப்பாட்டுங்கோ."

அக்கா குசினி வாசலால் வேகமாக வந்தார். சேலையில் முள் பிடித்ததைக் கவனிக்கவில்லை. அலவாங்கு குத்திய இடத்தில் முழங்காலில் இருந்து, மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

மீனவர் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய முகம் மாறியிருந்தது. சத்தம் அவருக்கும் எதையோ கொண்டுவந்து கொடுத்திருந்தது.

"பிள்ளை, கோவிக்காதையும்."

அக்கா நிமிர்ந்தார்.

"உமக்குக் கேட்டது சரி. இஞ்சைதான் முதல் வெட்டினது. ஒரு முழம் போகேல்லை, கல்லு. உம்மடை மனிசன் விடமாட்டன் எண்டு குத்தினவர். குத்திக் குத்தி அழுதவர். நான்தான் சொன்னனான், ஐசே, விடும், மண் உள்ள இடமாப் பாப்பம் எண்டு."

"பிறகு?"

"பிறகு தள்ளிப் போய் வெட்டினனாங்கள். அங்கை மண் நல்ல ஆழம். கல்லில்லை. அதாலை உமக்குக் கேட்டிராது."

அக்கா கையை மண்ணிலிருந்து எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். "நான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்தது…" என்று தொடங்கி விட்டுவிட்டார்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"கிழக்கையெண்டு நினைக்கிறன். நினைக்கிறனெண்டுதான் சொல்லுறன். சத்தியம் பண்ணச் சொன்னா ஏலாது."

"தலை எந்தப் பக்கம் வைச்சனீங்கள்?"

"தெற்கை. உம்மடை மனிசன் சொன்னபடி. முள்ளு வெட்டினது நான். இன்னொண்டும் செய்தனான். அவர் அங்காலை திரும்பேக்கை நான் சிலுவை அடையாளம் போட்டனான். குறை நினையாதையும்."

"இல்லை அண்ணை."

நான் கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். கல் பட்ட இடத்தைச் சுற்றி நின்றவை என் உயரத்துக்குச் சற்று மேலான கட்டை மரங்கள். தண்டு கைப்பருமன். முள் நீளம். கருவேலின் ஆணிவேர் கீழே போக வேண்டும். கல் தடுத்தால் மரம் குட்டையாகவே நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போனதும் அது மாறியது. அங்கே மூன்று மரங்கள் அருகருகே நின்றன. அடி ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன், பட்டை ஆழமாக வெடித்து, கொப்புகள் ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தன. முள் அநேகமாக இல்லை. கீழே நிழல் இருந்ததால் புல் வேறு நிறமாக இருந்தது. இந்த மூன்றுக்கும் கீழே ஆழமான மண் இருக்கிறது. அதற்கு மேல் இந்த மரங்களிலிருந்து அறியக்கூடியது எதுவும் இல்லை. செய்தியாக எழுதினால் "எனக் கருதப்படுகிறது" என்று முடிக்க வேண்டிய இடம்.

மண்ணின் ஆழம் எவ்வளவு என்று பார்க்க மீனவரிடம் அலவாங்கை வாங்கித் தூக்கினேன்.

"தம்பி, அங்கை குத்தாதை" என்றார் அக்கா.

இறக்கி வைத்தேன். அப்படியே விட்டோம். மீனவர் தேத்தண்ணி குடிக்கவும் நிற்கவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "வீடு குடிபுகேக்கை சொல்லும். மீன் கொண்டு வாறன்" என்றார். "குடிபூரலுக்கு மச்சம் சமைக்கிறதோ, மரக்கறிதானே?" என்று அக்கா கேட்டார். "அடுத்த நாளைக்குச் சொன்னனான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் மெசின் வந்தது. ஓட்டியவர் முப்பது வயதுக்குள் இருப்பார், வேலணைப் பக்கம். இறங்காமலே கேட்டார்: "எல்லாத்தையும் பிடுங்கிறதுதானே, அம்மா?"

"உந்த மூண்டும் நிக்கட்டும், தம்பி. அதைச் சுத்தி நிலத்திலையும் கை வைக்க வேண்டாம்."

"நல்ல வேரோடின சாமான், அம்மா. பிறகு வீட்டுக்குக் கரைச்சல் குடுக்கும். ஏன் நிக்கோணும்?"

அக்கா வாயைத் திறந்தார். அவர் ஒரு சொல் சொல்லுமுன் மெசின்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம், அம்மா. எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். சொன்னா எனக்குத் தெரிஞ்சதாப் போயிடும்."

அவர் முன்பக்கத்தில் தொடங்கினார். மரங்கள் வேரோடு வந்தன. பூவோடு சரிந்தன. கூடத்துக்குள் நின்றதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார். அக்கா இருந்து கேட்ட அறை பத்து மணிக்கு முன்பே இல்லாமல் போயிற்று. புழுதிக்குள் பூவின் மணம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு டீசல் மணம் மட்டும்.

குசினி இருந்த பக்கம் வந்தபோது மெசின் நின்றது. ஓட்டியவர் இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ."

வாரிய மண்ணில் ஒரு தாடையெலும்பு கிடந்தது. சின்னது, பழுப்பு நிறம். அக்கா வளவின் மறுபக்கத்தில் நின்றவர். மெசின் சத்தம் நின்றதைக் கேட்டே வந்துவிட்டார். ஓடவில்லை. நடந்துதான் வந்தார். ஆனால் வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நான் குந்தியிருந்து, தொடாமல் பார்த்தேன். பற்கள் நீளமாக, மேடு பள்ளமாக, வரிசையாக இருந்தன. முன்பக்கம் ஒடுங்கி நீண்டிருந்தது. ஒரு பார்வையில் தெரியும்தான். ஆனாலும் நான் இரண்டாம் முறை பார்த்தேன்.

"ஆடு" என்றேன்.

மெசின்காரர் குச்சியால் மண்ணைத் தட்டினார். கொம்பின் அடி ஒன்று வந்தது. அவர் மூச்சு விட்டார். பிறகு கைபேசியை எடுத்து, தாடையையும் கொம்பையும் சேர்த்துப் படம் பிடித்தார். "ஆரும் கேட்டாக் காட்ட வேணும், அண்ணை. போன வருஷம் ஒருத்தன்ரை மெசினை மாதக்கணக்கா மறிச்சு வைச்சவங்கள்."

அக்கா அந்தத் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வெளியிலை போகாமல் இஞ்சையே கிடந்திருக்குதுகள்" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானத்துக்குமுன் மகள் கனடாவிலிருந்து வீடியோவில் அழைத்தாள். அங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். அக்கா கைபேசியை நீட்டி வளவைச் சுற்றிக் காட்டினார்.

"அம்மா, பின்னுக்கு அது என்ன, மரம் நிக்குது? அங்கைதானே குசினி வருது."

"குசினியை முன்னுக்குத் தள்ளச் சொல்லு. அந்தப் பக்கம் தோண்ட ஏலாது."

"ஏன்?"

"கல்லு."

மகள் வீட்டுப் படம் கீறிய வரைஞரோடு கதைப்பதாகச் சொன்னாள். தனக்கு ஒரு தம்பி இருந்தது அவளுக்குத் தெரியாது. அழைப்பு முடிந்த பிறகு, சொல்லப்போகிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன். "வீடு முடியட்டும்" என்றார். மூன்று மரங்களில் எது என்று அவர் தன் மனதுக்குள் தீர்மானித்துவிட்டாரா என்றும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அன்று பின்னேரம் புறப்படும் முன் அவர் மூன்றுக்கும் முன்னால் ஒரே அளவு நேரம் நின்றதைக் கண்டேன்.

வீடு இப்போது யன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. சில அடி முன்னுக்குத் தள்ளித்தான் கட்டுகிறார்கள். மேசன்மாரும் கூலியாட்களும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அந்த மூன்று மரங்களுக்குக் கீழே இருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டபின் அங்கேயே கொஞ்ச நேரம் படுக்கிறார்கள். வளவில் வேறு நிழல் இல்லை.